காரணம் தேடும்போது மனம் மாறுகிறது: எங்கே "ஏன்" கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் – ஒரு முழுமையான வழிகாட்டி

அக்காவுக்குப் புடவை எடுக்கப் போயிருந்தோம். கடைக்காரர் விரித்துப் போட்ட ஏழெட்டில் அரக்கு நிறப் புடவை ஒன்றை அக்கா எடுத்தவள் கீழே வைக்கவே இல்லை. முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள், இறக்கினாள், மறுபடி போட்டாள். மற்றவற்றைப் புரட்டிப் பார்க்கும்போதும் ஒரு கை அந்த அரக்கு மேலேயே இருந்தது. அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார்: "ஏன்டி, இதுல அப்படி என்ன பிடிச்சிருக்கு?"

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "கரை சின்னதா இருக்கு. ஆபீசுக்கும் கட்டலாம். அழுக்கு சட்டுனு தெரியாது." சொல்லிக்கொண்டே பக்கத்தில் கிடந்த சாம்பல் நிறப் புடவையைப் பார்த்தாள். அதற்குக் கரை இன்னும் சின்னது. ஆபீசுக்கு இன்னும் பொருத்தம். விலையும் இருநூறு ரூபாய் குறைவு. சாம்பல் புடவையோடு வீட்டுக்கு வந்தோம். இரண்டு தடவை கட்டினாள், அதோடு அது பீரோவுக்குள் போய்விட்டது. அரக்குப் புடவையைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறாள்.

அம்மா தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. அக்காவும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் இருந்த அக்காவின் மனம் வேறு, பின்னால் இருந்த மனம் வேறு. "ஏன்" என்று கேட்டால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே வரும் என்று நாம் நினைக்கிறோம். பல சமயம் அந்தக் கேள்வி உள்ளே இருப்பதையே நகர்த்திவிடுகிறது. சில இடங்களில் அந்த நகர்வு நமக்கு நல்லது செய்யும், சில இடங்களில் கெடுத்துவிடும். எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்ட பிறகு என்ன செய்வது என்று நான் படித்ததையும் செய்து பார்த்ததையும் வைத்துப் படிப்படியாக எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: உள்ளே நடப்பது என்ன

1977-ல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமதி வில்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் வருகிற ஒரு சோதனை நம் புடவைக் கடைக்கு மிகவும் நெருக்கமானது. ஒரு கடையில் மேசை மேல் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று வருவோர் போவோரிடம் கேட்டார்கள். இடது ஓரத்தில் இருந்ததை 12 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்ததை 17, அதற்கடுத்ததை 31, வலது ஓரத்தில் இருந்ததை 40 சதவீதம் பேர். நான்கும் ஒரே காலுறைதான், எந்த வித்தியாசமும் கிடையாது. வைத்திருந்த இடம்தான் முடிவைத் தீர்மானித்தது. ஆனால் காரணம் கேட்டபோது ஒருவர்கூட இடத்தைச் சொல்லவில்லை. "வலது பக்கம் இருந்ததால் இருக்குமோ?" என்று நேரடியாகக் கேட்டபோதும் கிட்டத்தட்ட எல்லோரும் மறுத்தார்கள், கேட்டவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெட்டர் யோஹான்சன், லார்ஸ் ஹால் குழுவினர் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதைவிட ஒரு படி மேலே போகிறது. இரண்டு முகங்களின் புகைப்படங்களைக் காட்டி, எது அழகு என்று கேட்டார்கள். கையைக் காட்டியதும், அந்தப் படத்தைக் கொடுப்பதுபோல வித்தைக்காரர் செய்யும் கைவேகத்தில் மற்றப் படத்தைக் கொடுத்து, "ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டார்கள். பெரும்பாலும் யாருக்கும் மாற்றம் தெரியவில்லை. தாங்கள் தேர்ந்தெடுக்காத முகத்துக்கு மளமளவென்று காரணம் சொன்னார்கள். சிலர் சொன்ன அம்சம் கையில் இருந்த முகத்தில் மட்டும்தான் இருந்தது, முதலில் காட்டிய முகத்தில் இல்லவே இல்லை. அதே குழு பின்னால் செய்த இன்னொரு ஆய்வில், அப்படி ஏமாந்தவர்களிடம் மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, தாங்கள் தேர்ந்தெடுத்ததாக நம்பிய முகத்தின் பக்கமே சாய்ந்தார்கள். இல்லாத பிடித்தம் ஒன்று அங்கே நிஜமாகவே முளைத்துவிட்டது.

இந்த வழிகாட்டிக்கு ஆதாரமான விஷயம் இதுதான். நம் பிடித்தங்களுக்கான உண்மையான காரணம் பல சமயம் நமக்கே தெரியாது. யாராவது கேட்டால், சுலபமாகச் சொல்ல வருகிற, கேட்பவருக்கும் நியாயமாகப் படுகிற காரணங்களை எடுத்துச் சொல்கிறோம். கரையின் அளவைச் சொல்ல வார்த்தை இருக்கிறது. அந்த அரக்கு நிறம் தோளில் விழுந்தபோது உள்ளே என்ன ஆயிற்று என்பதற்கு வார்த்தை இல்லை. சொல்ல முடிந்ததைச் சொல்லிவிட்டு, சொன்னதை நாமே நம்பி, மனத்தை அதற்குத் தக்கபடி மாற்றிக்கொள்கிறோம்.

படி 1: இது எந்த வகை விஷயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

யோசிக்க உட்காரும் முன் ஒரு நிமிடம் செலவழித்து, இது நான்கில் எது என்று பாருங்கள். முதலாவது, ருசியும் பிரியமும்: சாப்பாடு, துணி, பாட்டு, குடியிருக்கும் வீடு, ஒரு மனிதர் மேல் உள்ள அன்பு. இரண்டாவது, பொது விஷயங்களில் நம் நிலைப்பாடு: இந்தச் சட்டம் வேண்டும், அந்தத் திட்டம் கூடாது என்பவை. மூன்றாவது, வாழ்க்கைக் கொள்கைகள்: பொய் கூடாது, எல்லோரும் சமம், சோற்றை வீணாக்கக் கூடாது. நான்காவது, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியவை: கடன் வாங்கலாமா, எந்த வேலைக்குப் போகலாம்.

நான்கையும் ஒரே மாதிரி "ஏன்" போட்டுத் துளைத்தால்தான் சிக்கல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் கேள்வி வேறு.

படி 2: காரணம் யோசிக்கும் முன், முதல் உணர்வைக் குறித்துவையுங்கள்

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு, பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் எழுதுங்கள். "வீடு பார்த்தோம். 8." அவ்வளவுதான். அதன் பக்கத்தில் ஒரு காரணமும் எழுத வேண்டாம்.

இது எதற்கு என்றால், காரணங்களை அடுக்கிய பிறகு முதலில் எப்படி இருந்தது என்பதே நினைவில் இருக்காது. மாறிய மனம், தான் எப்போதும் அப்படித்தான் இருந்ததாகச் சொல்லும். அக்காவிடம் அன்றைக்கு ஒரு துண்டுச் சீட்டில் "அரக்கு 9, சாம்பல் 5" என்று இருந்திருந்தால், சாம்பலைக் கையில் எடுத்த நேரத்தில் அந்த 5 அவளை ஒரு நொடி நிறுத்தியிருக்கும்.

படி 3: ருசி, பிரியம் என்றால் "ஏன்" வேண்டாம், பக்கத்தில் இருந்து பாருங்கள்

வில்சனும் ஜொனாதன் ஸ்கூலரும் 1991-ல் வெளியிட்ட ஸ்ட்ராபெரி ஜாம் சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு நுகர்வோர் பத்திரிகை சுவை பார்க்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து 45 ஜாம்களைத் தரவரிசைப்படுத்தியிருந்தது. அதிலிருந்து 1, 11, 24, 32, 44-ம் இடங்களில் வந்த ஐந்தை எடுத்துக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்தார்கள். சும்மா சாப்பிட்டுப் பார்த்து மதிப்பெண் போட்டவர்கள், வல்லுநர்களின் வரிசையோடு ஓரளவு நன்றாகவே ஒத்துப்போனார்கள். ஏன் பிடித்தது, ஏன் பிடிக்கவில்லை என்று முதலில் காரணம் எழுதிவிட்டு மதிப்பெண் போட்டவர்களுக்கு அந்த ஒற்றுமை அநேகமாகக் காணாமல் போனது. புள்ளியியல் அளவில் சொன்னால் ஒட்டுறவு (இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு, முழுதும் ஒத்துப்போனால் 1) 0.55-லிருந்து 0.11-க்கு இறங்கியது.

இரண்டு வருடம் கழித்து வில்சன் குழுவினர் சுவரொட்டிகளை வைத்து இன்னொன்று செய்தார்கள். மோனே, வான் கோ போன்றவர்களின் ஓவியங்கள் ஒரு பக்கம், வேடிக்கை வாசகம் போட்ட படங்கள் இன்னொரு பக்கம். பிடித்ததை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம். காரணம் எழுதச் சொன்ன குழுவில் வேடிக்கைப் படங்களை எடுத்தவர்கள் அதிகம், ஏனென்றால் அவற்றின் நகைச்சுவையைச் சொல்லிவிடலாம், ஓவியத்தின் அழகைச் சொல்வது கஷ்டம். சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, காரணம் எழுதியவர்களுக்குத்தான் தாங்கள் எடுத்த படத்தில் திருப்தி குறைவாக இருந்தது. அக்காவின் பீரோவைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

அதனால் இந்த வகையில் செய்ய வேண்டியது இது. பொருளோடு நேரம் செலவழியுங்கள். புடவையா, தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே இரண்டு நடை நடந்து பாருங்கள். வாடகை வீடா, காலையில் ஒரு தடவை, இருட்டின பிறகு ஒரு தடவை போய், பேசாமல் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். கிளம்பும்போது எண்ணை எழுதுங்கள். வேண்டவே வேண்டாத விஷயங்களுக்கு மட்டும் காரணத்தைப் பயன்படுத்துங்கள்: பட்ஜெட்டுக்கு மேல், தண்ணீர் வராது, பள்ளிக்கூடம் தூரம். அவை வடிகட்டிகள். வடிகட்டிய பிறகு மிஞ்சியவற்றுக்குள் தேர்ந்தெடுக்கும்போது காரணங்களை வாசலில் விட்டுவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தத் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு. வில்சன் 1989-ல் வெளியிட்ட ஓர் ஆய்விலேயே, விஷயத்தைப் பற்றி நிறையத் தெரிந்தவர்களின் மனம் காரணம் சொல்வதால் அவ்வளவு மாறவில்லை. நெசவு தெரிந்த ஒருவர் புடவையைத் திருப்பிப் பார்த்துக் காரணம் சொன்னால், அவர் பார்ப்பதும் சொல்வதும் ஒன்றாக இருக்கும். நாம் அப்படி இல்லாத இடத்தில் அப்படிப் பேச முயல்வதுதான் ஆபத்து.

மனிதர்கள் மேல் உள்ள அன்புக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் தங்களைத் தாங்களே வதைத்துக்கொள்கிறார்கள். காதலிக்கும் ஜோடிகளிடம் 1984-ல் செய்த ஆய்வில், தங்கள் உறவு எப்படி இருக்கிறது என்று நேராகச் சொன்னவர்களின் பதிலை வைத்து, பல மாதம் கழித்து அவர்கள் சேர்ந்திருப்பார்களா என்று ஓரளவு சொல்ல முடிந்தது. உறவு ஏன் அப்படி இருக்கிறது என்று காரணங்களை ஆராய்ந்துவிட்டுச் சொன்னவர்களின் பதில் எதையும் முன்னறிவிக்கவில்லை. பிறகு வந்த ஆய்வில், காரணம் ஆராய்ந்தவர்களின் மனம் எந்தக் காரணம் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வந்ததோ அந்தப் பக்கம் சாய்ந்தது. சிலருக்கு அன்பு கூடியது, சிலருக்குக் குறைந்தது. அன்றைக்குக் காலையில் ஒரு சின்னச் சண்டை நடந்திருந்தால் என்ன காரணங்கள் முதலில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். "நான் ஏன் இவரோடு இருக்கிறேன்" என்று இரவு பதினொரு மணிக்குக் கேட்டுக்கொள்ளாதீர்கள். அவரோடு இருந்த நேரங்களை ஒரு மாதம் எண்ணால் குறித்துவாருங்கள். அந்த எண்கள் நேர்மையாகப் பேசும். (அடி, மிரட்டல், பயம் இருக்கிற இடத்துக்கு இது பொருந்தாது. அங்கே எண்ணும் வேண்டாம், ஆராய்ச்சியும் வேண்டாம், உடனே உதவி கேளுங்கள்.)

படி 4: நிலைப்பாடு என்றால் "ஏன்" என்பதை "எப்படி" ஆக்குங்கள்

பொது விஷயங்களில் "ஏன் அப்படி நினைக்கிறாய்" என்று நம்மையே கேட்டால் என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஏற்கெனவே நம்புவதற்கு இன்னும் பத்துச் சாதகமான காரணங்கள் வரும், நிலைப்பாடு இறுகும். ஆப்ரஹாம் டெஸர் 1970-களிலேயே, வெறுமனே ஒன்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாலே நம் பிடித்தமும் வெறுப்பும் இன்னும் தீவிரமாகும் என்று காட்டினார். ஒருவர் மேல் உள்ள கோபத்தை இரவெல்லாம் மென்றுகொண்டிருந்தால் விடியும்போது அது இரட்டிப்பாக இருப்பதும் இதனால்தான்.

2002-ல் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கீல் இருவரும் ஜிப், கழிப்பறை ஃபிளஷ் போன்ற அன்றாடப் பொருள்கள் வேலை செய்யும் விதம் எவ்வளவு தெரியும் என்று மக்களிடம் கேட்டார்கள். எல்லோரும் தாராளமாக மதிப்பெண் போட்டுக்கொண்டார்கள். படிப்படியாக விளக்கி எழுதச் சொன்ன பிறகு அந்த மதிப்பெண் இறங்கியது. பிலிப் ஃபெர்ன்பாக்கும் மற்றவர்களும் 2013-ல் இதே உத்தியை அரசுக் கொள்கைகளுக்குப் பயன்படுத்தினார்கள். காரணங்களை எழுதியவர்களின் நிலைப்பாடு அசையவில்லை. அந்தக் கொள்கை எப்படி வேலை செய்யும் என்று விளக்கியவர்களின் நிலைப்பாடு மிதமானது. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 2021-ல் வெளிவந்த மறுசோதனைகளில் நிலைப்பாடு மிதமாகும் அந்தப் பகுதி திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் "எப்படி" என்று கேட்டால் கட்சி மாறிவிடுவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம். நமக்கு என்ன தெரியாது என்பது தெரியவரும், எனக்கு அதுவே போதும்.

செய்து காட்டுகிறேன். அந்த ஆய்வில் இருந்த கேள்விகளில் ஒன்று, ஆசிரியர்களின் சம்பளத்தை மாணவர்களின் தேர்ச்சியைப் பொறுத்து நிர்ணயிக்கலாமா என்பது. எனக்கு இதில் தீர்மானமான கருத்து இருந்தது: வேண்டும். சரி என்று ஒரு தாளை எடுத்து, நாளைக்கே நடைமுறைக்கு வந்தால் என்னென்ன நடக்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். எந்தத் தேர்வை வைத்து அளப்பது? வருடக் கடைசித் தேர்வு என்றால், ஜூன் மாதம் அந்தப் பிள்ளை எந்த நிலையில் வந்தான் என்பதையும் அளக்க வேண்டும். அப்படியானால் இரண்டு தேர்வு. இரண்டையும் யார் திருத்துவது? அதே ஆசிரியர் திருத்த முடியாது. நடுவில் ஊர் மாறி வந்த பிள்ளை யார் கணக்கில்? பி.டி. சாருக்கும் ஓவிய ஆசிரியருக்கும் எந்த மதிப்பெண்? கற்றலில் சிரமப்படும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பை யார் விரும்பி எடுப்பார்கள்? ஏழாவது வரியில் பேனா நின்றுவிட்டது. எதிர்க்கட்சிக்கு நான் போய்விடவில்லை. ஆனால் "வேண்டும்" என்று மேசையைத் தட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவள், "இந்த ஏழு கேள்விக்கும் பதில் இருந்தால் வேண்டும்" என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.

படி 5: எதிர்ப்பக்கம் நின்று ஒரு கேள்வி

இது சின்னப் படிதான், ஆனால் பலமானது. ஸ்டான்ஃபோர்டில் 1979-ல், மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இருவருக்கும் ஒரே இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ஒன்று ஒரு பக்கம் பேசும், மற்றது எதிர்ப்பக்கம். படித்து முடித்ததும் இரண்டு தரப்பும் முன்பைவிட உறுதியானது, தமக்குப் பிடிக்காத ஆய்வில் ஓட்டைகளை மட்டும் கண்டுபிடித்திருந்தார்கள். 1984-ல் சார்ல்ஸ் லார்டும் அவரது சகாக்களும் இதற்கு மருந்து தேடினார்கள். "பாரபட்சம் இல்லாமல் நடுநிலையாகப் படியுங்கள்" என்று சொன்னது எடுபடவே இல்லை. "இதே ஆய்வு, இதே முறையில், எதிரான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பெண் போட்டிருப்பீர்களா?" என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னது எடுபட்டது.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திக்கும் இதே கேள்வியைப் போடலாம். நமக்குப் பிடித்த தலைவரைப் புகழ்ந்து வந்த செய்தி, இதே ஆதாரத்தோடு மற்றவரைப் புகழ்ந்து வந்திருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பியிருப்போமா?

படி 6: கொள்கை என்றால், தைரியமாக "ஏன்" கேளுங்கள்

இங்கே கதை தலைகீழ். ருசிக்குக் கெடுதல் செய்யும் அதே கேள்வி கொள்கைக்கு உரம்.

கிரகரி மாயோ, ஜேம்ஸ் ஓல்சன் இருவரும் 1998-ல் ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார்கள். சமத்துவம், பிறருக்கு உதவுதல் மாதிரியான கொள்கைகளை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம், ஆனால் அவற்றுக்கான காரணங்களை யோசித்ததே இல்லை. யாரும் மறுத்துப் பேசாததால் யோசிக்கத் தேவையும் வரவில்லை. காரணம் எழுதச் சொன்னதும், அந்தக் கொள்கைகளுக்கு அவர்கள் தந்த மதிப்பே ஏறி இறங்கியது. முன்கூட்டியே காரணங்கள் கையில் இருந்தவர்களுக்கு அந்த ஆட்டம் பெரிதாக இல்லை. 1960-களில் வில்லியம் மெக்குவையர் இதே பலவீனத்தை வேறு வழியில் காட்டியிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு பல் துலக்குவது நல்லது என்பதுபோன்ற, யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கைகளை நாலு எதிர்வாதம் சொல்லிச் சுலபமாகக் கலைத்துவிட முடிந்தது. முன்னாலேயே சின்ன எதிர்வாதங்களைக் கேட்டு அவற்றுக்குப் பதிலும் பார்த்திருந்தவர்களின் நம்பிக்கை நின்றது, தடுப்பூசி போட்டுக்கொண்ட உடம்பு மாதிரி.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகளுக்குப் பதினொரு வயது. ஒரு நாள் இரவு தட்டின் ஓரத்தில் ஒரு கை அளவு தயிர்சாதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்தாள். "சோத்தை வீணாக்கக் கூடாது, உட்கார்ந்து முடி" என்றேன். "ஏம்மா வீணாக்கக் கூடாது?" என்றாள். "எத்தனை பேர் பசியோட இருக்காங்க தெரியுமா?" அவள் தட்டைப் பார்த்தாள். "நான் இதைச் சாப்பிட்டா அவங்களுக்குப் பசி போயிடுமா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லிவிட்டேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது, அந்தக் கோபம் என்னிடம் பதில் இல்லாததால் வந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு கொள்கையைப் பற்றிக் கேட்டதும் எரிச்சல் வந்தால், அங்கே காரணம் இல்லாமல் ஒரு நம்பிக்கை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படியைத் தொடங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

மறுநாள் இருவரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். நான் சொன்னது எல்லாவற்றையும் எழுத வேண்டும், எதை வேண்டுமானாலும் அவள் அடிக்கலாம் என்பது ஒப்பந்தம். பசித்தவர்கள் என்ற முதல் வரியை அவளே அடித்தாள். "பாட்டி சொல்லிக்கொடுத்தாங்க" என்ற என் வரியையும் அடித்தாள், பாட்டிக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டு. சமைத்தவர் நின்ற ஒரு மணி நேரம் குப்பைக்குப் போகிறது என்பதை அடிக்கவில்லை. அரிசிக்கும் பாலுக்கும் கொடுத்த காசு என்பதையும் அடிக்கவில்லை. பிறகு அவளே ஒன்று சொன்னாள்: "வயிறு நிறைஞ்ச பிறகு சாப்பிட்டாலும் அதுவும் வேஸ்ட்தானே?"

அந்த ஒரு வரி என் மனத்தை மாற்றிவிட்டது. நான் இத்தனை வருடம் காப்பாற்றி வந்தது "தட்டில் போட்டதை முடி" என்ற பழக்கத்தை. மிஞ்சிய காரணங்கள் காப்பாற்றச் சொன்னது வேறொன்றை. சாதம் வீணாவது தட்டில் இல்லை, கரண்டியில். இப்போது முதலில் பாதி அளவுதான் போடுகிறேன். வேண்டுமானால் கேட்கிறாள்.

உங்கள் கொள்கைக்கும் இதையே செய்யலாம். எல்லாக் காரணங்களையும் எழுதுங்கள். கேட்டு வளர்ந்த வார்த்தைகளாக மட்டும் இருப்பவற்றை அடியுங்கள். உங்கள் அனுபவத்தில் நிற்பவற்றை வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியவை உண்மையில் எந்த நடத்தையைக் கேட்கின்றன என்று பாருங்கள். மாயோவும் மற்றவர்களும் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், சமத்துவம் போன்ற கொள்கையை வெறுமனே நினைவூட்டுவதைவிட, அதற்கான காரணங்களை யோசிக்க வைத்தபோதுதான் மக்கள் அதன்படி நடந்துகொண்டார்கள். காரணம் தெரிந்த கொள்கைக்குக் கை கால் முளைக்கிறது.

படி 7: கணக்கு என்றால் இரண்டு பத்தி, மூன்று நாள்

ஜோசப் பிரீஸ்ட்லி என்ற விஞ்ஞானிக்கு ஷெல்பர்ன் பிரபுவிடம் வேலைக்குப் போகலாமா என்று குழப்பம். 1772 செப்டம்பரில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனிலிருந்து அவருக்கு எழுதிய கடிதத்தில், எதை முடிவு செய்வது என்று சொல்ல எனக்கு விவரம் போதாது, எப்படி முடிவு செய்வது என்று சொல்கிறேன் என்று தொடங்கி, தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம் எழுதும் முறையை விவரித்தார். சம கனமுள்ளவற்றை இரு பக்கமும் அடித்துக்கொண்டே வந்தால் மிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

இந்த முறையைப் பின்பற்றும் பலர் ஃபிராங்க்ளின் சொன்ன முக்கியமான பகுதியை விட்டுவிடுகிறார்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் எழுதி முடிக்கவில்லை. மூன்று நான்கு நாள் தாளைத் திறந்தே வைத்திருந்து, அவ்வப்போது தோன்றுவதைச் சேர்த்தார். கூட்டிக் கழித்த பிறகும் ஒன்றிரண்டு நாள் விட்டுப் பார்த்தார். எல்லாக் காரணங்களும் ஒரே நேரத்தில் மனத்தில் இருப்பதில்லை, ஒன்று வரும்போது மற்றது மறைந்துவிடுகிறது என்பதுதான் அவர் கண்ட சிக்கலே. அவசரமாக ஐந்து நிமிடத்தில் போடும் பட்டியலில், அந்த ஐந்து நிமிடத்தின் மனநிலை மட்டும்தான் இருக்கும்.

சார்லஸ் டார்வின் 1838 ஜூலையில், 29 வயதில், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று இப்படி ஒரு பட்டியல் போட்டார். வேண்டாம் என்ற பக்கம்: நேரம் வீணாகும், புத்தகம் வாங்கப் பணம் குறையும், புத்திசாலிகளோடு கிளப்பில் பேச முடியாது. வேண்டும் என்ற பக்கம்: குழந்தைகள், முதுமையில் துணை. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் முடிவு சுலபமாக வந்திருக்காது. ஆனால் ஓரிடத்தில் அவர் காரணம் எழுதுவதை விட்டுவிட்டு ஒரு காட்சியை எழுதுகிறார்: சோபாவில் மனைவி, கணப்பில் நெருப்பு, புத்தகங்கள், கொஞ்சம் இசை. அதற்கு எதிராக லண்டனில் புகை படிந்த வீட்டில் தனியாக இருக்கும் நாள்கள். அதன் பிறகு "கல்யாணம்" என்று மூன்று முறை எழுதி முடிக்கிறார். 1839 ஜனவரி 29 அன்று எம்மா வெட்ஜ்வுட்டை மணந்தார்.

உங்கள் பட்டியலிலும் இப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மற்ற வரிகள் சுருக்கமாக இருக்க, ஒன்று மட்டும் காட்சியாக விரியும். அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

படி 8: ஆறப்போடுங்கள், பிறகு பழைய எண்ணைப் பாருங்கள்

காரணம் தேடியதால் வந்த மாற்றம் பல சமயம் தற்காலிகமானது. வில்சன் பிற்பாடு விளக்கியபடி, புதிதாகக் கட்டிய மனநிலைக்குக் கீழே பழைய உணர்வு அழியாமல் இருக்கும், கொஞ்ச நாளில் மேலே வரும். அந்த இடைவெளியில் முடிவெடுத்துப் பணத்தைக் கட்டிவிடுவதால்தான் பின்னால் மனம் ஒட்டாமல் போகிறது. அதனால் காரணங்களை ஆராய்ந்த அன்றே கையெழுத்துப் போடாதீர்கள், வார்த்தை கொடுக்காதீர்கள். நோட்டை மூடிவைத்துவிட்டு மூன்று நாள் கழித்து, பட்டியலைப் பார்க்காமல் புதிதாக ஓர் எண் எழுதுங்கள். அப்புறம் முதல் எண்ணைத் திருப்பிப் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் போய்க் காரியத்தை முடியுங்கள். வேறாக இருந்தால், நடுவில் வந்த எந்தக் காரணம் அதை மாற்றியது என்று தேடுங்கள். அது உங்களுக்கு முன்பு தெரியாத தகவலாக இருந்தால், கிணற்றில் கோடையில் தண்ணீர் இருக்காது என்பதுபோல, புதிய எண்ணை நம்பலாம். யாரிடமாவது சொல்வதற்கு நன்றாக இருக்கிற காரணமாக மட்டும் இருந்தால் பழைய எண்ணை நம்புங்கள்.

மற்றவர்களிடம் கேட்கும்போது

நாம் கேட்கும் "ஏன்" அடுத்தவர் மனத்தையும் நகர்த்துகிறது என்பதால் இதையும் சேர்க்கிறேன். பிள்ளை ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால், "அதுல என்ன இருக்கு" என்று கேட்காமல் "எந்த இடம் ரொம்பப் பிடிக்கும், போட்டுக் காட்டு" என்று கேட்கலாம். பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒரு படிப்பைச் சொன்னால், காரணம் கேட்டுக் குடையும் முன், அந்தப் படிப்பு நடக்கும் இடத்துக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகலாம். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே மாப்பிள்ளையையோ பெண்ணையோ நடுக்கூடத்தில் உட்காரவைத்து, "ஏன் பிடிச்சிருக்கு, ஏன் பிடிக்கல" என்று பத்துப் பேர் கேட்பது நம் வீடுகளில் சாதாரணம். பத்துப் பேர் ஒத்துக்கொள்கிற காரணத்தைத்தான் அவர்களால் அங்கே சொல்ல முடியும், சொன்ன பிறகு அதைத்தான் நம்புவார்கள். ஒரு வாரம் விடுங்கள். ஒருவரே ஒருவர், தனியாக, "எத்தனை?" என்று எண்ணை மட்டும் கேளுங்கள்.

போன மாதம் அம்மாவும் அக்காவும் நானும் மறுபடி துணிக்கடைக்குப் போனோம். அக்கா மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். அம்மா வாயைத் திறந்தவர், என்னைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை கண்ணாடியில பாரு" என்று மட்டும் சொன்னார்.